பல் இல்லை என்பதே அடையாளமா? வெர்டிகோ ஜெனெசி நத்தையை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெர்டிகோ ஜெனெசி, உயரத்தில் 2 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிதான, எள்ளைவிடச் சிறிய நில நத்தை. பனியுகத்தின் இறுதியில் பரவலாக வாழ்ந்த இந்த இனம், இன்று ஸ்காண்டிநேவியா, ஆல்ப்ஸ், பிரிட்டனின் சில இடங்கள் எனச் சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுநீர் கசியும் சதுப்புத் திட்டுகளுக்குள் ஒடுங்கிவிட்டது. பிரிட்டனில் இதைப் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்த நிலையில், 1979-இல் வட இங்கிலாந்தின் அப்பர் டீஸ்டேலில் உயிருடன் கண்டுபிடித்தார்கள். அரிய உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் காக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமான 1992-ஆம் ஆண்டின் வாழிட ஆணை, இரண்டாம் இணைப்பில் சேர்த்துப் பாதுகாக்கும் இனங்களில் இதுவும் ஒன்று. எனவே இதற்குத் தவறாகப் பெயரிட்டால், இல்லாத இடத்தில் இருப்பதாகப் பதிவாகும். இருக்கும் இடம் கவனிப்பாரின்றி அழியவும் கூடும்.

தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. வெர்டிகோ என்ற பேரினத்தின் இனங்களைப் பிரித்தறிய, ஓட்டின் வாய்க்குள், அதாவது நத்தை வெளியே வரும் திறப்புக்குள், இருக்கும் பல் போன்ற சிறு முளைகளை எண்ணுவதே வழக்கம். ஜெனெசிக்கோ பெரும்பாலும் பல்லே இருக்காது. சிலவற்றில் மட்டும் வாயின் மேல்சுவரில் மிகச் சிறிய மேடு ஒன்று தெரியும். இருப்பதைக் கண்டு பெயர் சொல்வது எளிது. இல்லாததைக் கண்டு பெயர் சொல்வதற்கு, அது ஏன் இல்லை என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

முதல் காரணம் வயது. இதன் நெருங்கிய உறவான வெர்டிகோ கெயரிக்கு வழக்கமாக நான்கு பற்கள் உண்டு. ஆனால் ஓடு முழு வளர்ச்சி அடைந்து வாயைச் சுற்றி உதடு போன்ற விளிம்பு உருவாகும்போதுதான் அவை தோன்றுகின்றன. ஆகவே இளம் கெயரியும் பல்லில்லாமல்தான் இருக்கும், அதுவும் இதே போன்ற ஈரச் சதுப்பிலேயே வாழும். வளர்ந்த ஜெனெசியின் ஓட்டில் ஏறக்குறைய நாலரைச் சுருள்கள் இருக்கும். சுருள்கள் குறைந்து, வாயின் விளிம்பு காகிதம் போல மெலிந்து முறியக்கூடியதாக இருந்தால் அது வளர்ந்து முடியாத ஓடு. அதற்கு இனப்பெயர் எழுதாமல் ‘வெர்டிகோ, இளம் நிலை’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. கொலுமெல்லா எடெண்டுலா என்ற நத்தைக்கும் பற்கள் கிடையாது. வளர்ந்தபின் அது உயர்ந்த உருளையாகிவிடுவதால் குழப்பம் இல்லை. குட்டையான இளம் ஓடுதான் ஏமாற்றும்.

இரண்டாவது காரணம் சேறு. வாயை அடைத்துக்கொண்டிருக்கும் சேற்றுக்குப் பின்னால் பற்கள் மறைந்திருக்கும்போது, கைலென்ஸில் பார்ப்பவருக்கு வெறும் கறுப்புக் குழிதான் தெரியும். மெல்லிய தூரிகையை நீரில் நனைத்து, ஓட்டை முறிக்காமல் மெதுவாக வருடி, நுண்ணோக்கியின் கீழ் வாயை நேராக நம்மை நோக்கித் திருப்பினால், சற்றுமுன் ஒன்றுமே இல்லாத இடத்தில் வெண்மையான முளைகள் பளிச்சென்று எழுவதைக் காணலாம். ஓட்டைப் பக்கவாட்டில் கிடத்தி எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இந்த இனத்தை உறுதிசெய்யக் கூடாது.

வெற்று ஓட்டை உயிருள்ள கூட்டத்துக்குச் சான்றாகக் கொள்வது இன்னொரு பெரிய தவறு. சுண்ணாம்புப் படிவுகளில் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். ஊற்றுநீர் கரையை அரிக்கும்போது, பனியுகக் கடைசியில் வாழ்ந்த நத்தையின் ஓடு இன்றைய பாசியின்மேல் வந்து கிடக்கலாம். பளபளப்பும் பழுப்பு நிறமும் போய் வெளுத்து மங்கிய ஓட்டை அவ்வாறே குறித்துக்கொள்ள வேண்டும். உடலோடு கூடிய நத்தை கிடைத்தால்தான் அந்த இனம் இப்போது அங்கே வாழ்கிறது என்று எழுதலாம்.

வாழிடத்தைப் பார்த்தே பெயரை முடிவுசெய்வதும் கூடாது. சரியான சதுப்பு என்பது தேடுவதற்கான காரணம், அடையாளம் அல்ல.

தேடும் முறையிலும் கவனம் வேண்டும். இதன் வாழிடம் சில காலடி அகலமே உள்ள கசிவுத் திட்டாக இருக்கக்கூடும் என்பதால், நடுவே நடந்தாலே பாசியும் கோரையின் அடிப்பகுதியும் நசுங்கி, நீர் ஓடும் வழி மாறிவிடும். ஓரத்தில் நின்று, கைப்பிடியளவு பாசியை வெள்ளைத் தட்டில் உதறிப் பார்த்து, நத்தைகளோடு அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும்.