கேஸ் டெஸ்ட்ல எங்கெல்லாம் சறுக்குது?

பிளஸ் டூ பிராக்டிகல்ல சால்ட் அனாலிசிஸ் (குடுத்த உப்பு எதுன்னு, அதுலேர்ந்து வர்ற கேஸ வச்சும் கண்டுபிடிக்கிறது) பண்றப்ப நிறைய பேர் ஒரே ஒரு டெஸ்ட்ட பார்த்துட்டு கேஸ் பேர எழுதிடுறாங்க, வினையே அங்கதான். சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சா, உடனே கார்பன் டை ஆக்சைடு, கார்பனேட்னு முடிச்சிடுறது. ஆனா சல்ஃபர் டை ஆக்சைடும் அதே மாதிரி கலங்க வைக்கும், சல்ஃபைட் சால்ட்ட கார்பனேட்னு எழுதுறது இப்படித்தான். ஆசிட் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்ல நனைச்ச பேப்பர டியூப் வாய்கிட்ட காட்டுங்க, சுண்ணாம்புத் தண்ணியும் கலங்கி இந்த பேப்பரோட ஆரஞ்சு நிறமும் பச்சையாச்சுன்னா அது சல்ஃபர் டை ஆக்சைடு, நெடியே மூக்குல ஏறும்.

சுண்ணாம்புத் தண்ணில இன்னொரு வம்பும் இருக்கு. கேஸ ரொம்ப நேரம் விட்டா கலங்கினது திரும்ப தெளிஞ்சிடும், கால்சியம் கார்பனேட் கரையுற பைகார்பனேட்டா மாறிடுது, லேட்டா வந்து எட்டிப் பார்க்குறவங்க ஒண்ணுமே நடக்கலன்னு எழுதிட்டு போயிடுவாங்க. திறந்தே கிடந்த பாட்டில் தண்ணி காத்துபட்டு ஏற்கனவே ஏடு கட்டியிருக்கும், அத வச்சு டெஸ்ட் பண்றதே வேஸ்ட்.

லிட்மஸ் பேப்பர காஞ்சபடியே காட்டாதீங்க, கேஸ் தண்ணில கரைஞ்சாதான் நிறம் மாறும். அமோனியாவுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி சூடு பண்ணுவோம்ல, அப்ப பேப்பர் டியூப் ஓரத்துல பட்டுச்சுன்னா அங்க ஒட்டியிருக்குற காரமே சிவப்ப நீலமாக்கிடும், அமோனியா துளிகூட இருக்காது. குளோரின்ல வேற கதை, ஈரமான நீல லிட்மஸ் முதல்ல சிவப்பாகி அப்புறம்தான் வெளுக்கும், சிவப்ப பார்த்ததும் கைய எடுத்துட்டா ஹைட்ரஜன் குளோரைடுன்னு எழுத வேண்டியதுதான்.

ஹைட்ரஜன் 'பாப்'னு வெடிக்கிறது காத்தோட கலந்திருக்குறதாலதான், சுத்தமான ஹைட்ரஜன் சத்தமில்லாம எரியும், அதனால சத்தம் வரலன்னு உடனே கைவிட்டுடாதீங்க. ஆக்சிஜனுக்கு கங்கு மட்டும் இருக்குற ஊதுபத்தி போதும், குப்புனு பத்திக்கும் (நைட்ரஸ் ஆக்சைடும் பத்த வைக்கும், ஆனா ஸ்கூல்ல அது வர்றது அபூர்வம்). எரியுற குச்சி அணைஞ்சா மட்டும் கார்பன் டை ஆக்சைடுன்னு சொல்ல முடியாது, நைட்ரஜனும் அணைக்கும்.

கடைசியா மோந்து பாக்குறது. டியூப்ல மூக்க வைக்காதீங்க, கையால லேசா விசிறிப் பாருங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், ஆனா அளவு கூடுனா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, நாத்தம் போயிடுச்சுன்னா கேஸும் போயிடுச்சுன்னு நினைச்சு அங்கயே நிக்கிறது ஆபத்து. இதுக்கு லெட் அசிடேட் பேப்பர் இருக்கு, கறுத்துதுன்னா அதேதான்.