மலை மூலிகையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபிள் ஒட்டுங்கள், எடையைச் சரிபாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் வருஷா வருஷம் போய் விழும் பள்ளங்கள் வேறு.

நாட்டு மருத்துவர் சொன்ன பக்குவத்தைத் தூக்கிப் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு மாணவரின் ஆய்வேடு. பச்சை இலையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து குடிக்கச் சொன்னார் மருத்துவர் என்று முதல் அத்தியாயத்தில் அழகாக எழுதியிருக்கிறார். அப்புறம் அதே இலையைக் காயவைத்து, பொடித்து, சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சாறு எடுக்கும் கண்ணாடிக் கருவி) மெத்தனால் ஊற்றி நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறார், கீழ்க்குடுவையில் இறங்கிய சாறு 65 டிகிரிக்குக் குறையாமல் மணிக்கணக்கில் கொதித்திருக்கிறது, கடைசியில் "பாரம்பரியப் பயன்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி. எந்தப் பயன்பாடு? மருத்துவர் கொடுத்த மருந்தை இவர் தயாரிக்கவே இல்லையே.

மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் இப்படித்தான் கைநழுவப் பார்த்தது. சூட்டில் எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன பழைய சீனக் குறிப்பைத் திரும்பப் படித்த பிறகுதான், சீன விஞ்ஞானி து யூயூ 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 2015-இல் நோபல் பரிசு.

தலைகீழாகவும் நடக்கும். இமயமலை வசநாபி என்ற நச்சுக் கிழங்கைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. வேகவைக்கும்போது அதிலுள்ள அகோனிட்டின் வகை நஞ்சு நீரால் உடைந்து, நச்சு பல மடங்கு குறைந்த பொருளாகிவிடுகிறது. சுத்தி செய்யாத கிழங்கை நேராக மெத்தனாலில் போட்டால், எதை நீக்குவதற்காக அவ்வளவு பாடுபட்டார்களோ அந்த நஞ்சைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

எந்த உறுப்பு, பச்சையா உலர்ந்ததா, எதில் ஊறியது, எவ்வளவு நேரம், அடுப்பில் ஏறியதா என்று மலையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் சாறு அதே பக்குவத்தில் இருக்கட்டும். மெத்தனால் சாறும் வேண்டுமா, சரி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஹெர்பேரியம் மாதிரி எடுக்காமல் வருவது

பூவோடு ஒரு கிளை, அழுத்தி உலர்த்தி, எண் போட்டு. இல்லையென்றால் எந்தச் செடியை ஆராய்ந்தீர்கள் என்பதற்கே சாட்சி இல்லை.

டிபிபிஹெச்சோடு நிறுத்துவது

டிபிபிஹெச் என்பது ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலைக் காட்டும் நிறமாற்றச் சோதனை. ஊதா மஞ்சளாவதைப் பார்த்துத் துள்ள வேண்டாம். தேயிலைச் சாறு விட்டாலும் மாறும்.

ஜிசி-எம்எஸ் பட்டியலை அப்படியே நம்புவது

ஜிசி-எம்எஸ், சாற்றிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி. அதன் நூலகம் (தெரிந்த சேர்மங்களின் பதிவுத் தொகுப்பு) தருவது பொருத்தம் பார்த்துச் சொல்லும் ஊகம்தான். அந்தப் பட்டியலில் தாலேட் (பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள்) வந்தால் "மூலிகையில் புதிய சேர்மம்" என்று எழுதுவதற்கு முன்னால், கரைப்பானை எந்த பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். செடி போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் ஒருமுறை ஓட்டினாலே குட்டு உடைந்துவிடும்.

வேரோடு பிடுங்குவது

இலை போதுமென்றால் இலை மட்டும்.