கப்பல் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள்: ஜெர்மானிய மூதாதையரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியரின் வழித்தோன்றல்கள் தம் குலமுறையைத் தேடப் புகும்போது, கொள்ளுத் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்ற கேள்வியையே பெரும்பாலும் முதலில் எழுப்புகிறார்கள். கேள்வி இயல்பானதுதான். ஆனால் அதையே முதற்படியாக வைத்துக்கொள்வதிலிருந்துதான் மற்றத் தவறுகளில் பாதி கிளைக்கின்றன. 1820 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் தலைவர்கள் சுங்க அதிகாரிகளிடம் ஒப்படைத்த பட்டியல்களில் பெயர், வயது, பாலினம், தொழில், நாடு ஆகியவற்றுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இராது. பிறந்த ஊர் இருப்பது அரிது. 1882-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜெர்மானியர் அமெரிக்காவில் வந்திறங்கினர். அத்தகைய கூட்டத்தில் ‘யோஹான் ஷ்மிட், வயது 24, விவசாயி, பிரஷ்யா’ என்ற ஒற்றை வரியைக் கண்டு இவரே எம் முன்னோர் என்று முடிவு கட்டுவது, திருவிழாக் கூட்டத்தில் வெள்ளை வேட்டியை அடையாளமாகச் சொல்லி ஆளைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, குடியேறியவர் இறந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடப்பதே சரியான முறை. அவர் வாழ்ந்த பகுதியில் இருந்த லூத்தரன், சீர்திருத்த அல்லது கத்தோலிக்க ஜெர்மன் திருச்சபையின் பதிவேடுகள், கல்லறைக் கற்கள், ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்களில் வெளியான இரங்கற்குறிப்புகள் ஆகியவற்றில், அரசு ஆவணங்கள் ‘ஜெர்மனி’ என்று மட்டும் சொல்லும் இடத்தில் சிற்றூரின் பெயரே எழுதப்பட்டிருக்கக் காணலாம். குடியுரிமை மனுக்களைப் பொறுத்தவரை 1906 ஒரு பிரிகோடு. அவ்வாண்டின் சட்டத்திற்குப் பிறகு வந்த சீரான படிவங்கள் பிறந்த ஊரையும், வந்த கப்பலையும், நாளையும் கேட்டன. அதற்கு முந்தைய மனுக்கள் எந்த உள்ளூர் நீதிமன்றத்திலும் அளிக்கப்பட்டிருக்கலாம். அவற்றில் விவரம் குறைவு. ஆயினும் அவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்குவது தவறு. மனுதாரர் எந்த மன்னருக்கான விசுவாசத்தைத் துறந்தார் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். பிரஷ்ய மன்னரா, பவேரிய மன்னரா, பாடன் பெருங்கோமகனா என்று தெரிந்தாலே தேடும் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டிற்குள் வந்த ஆண்டு என்ற கட்டம் உண்டு. அந்த ஆண்டைக் கல்லில் பொறித்ததாக எண்ணிக்கொண்டு, அவ்வாண்டுப் பட்டியல்களை மட்டும் புரட்டிவிட்டுப் பெயர் இல்லை என்று கைவிடுவோர் பலர். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வை நினைவிலிருந்து சொன்னவர் குடியேறியவராகவே இருந்திருக்க வேண்டியதில்லை; வீட்டிலிருந்த மருமகளாகவோ பக்கத்து வீட்டாராகவோகூட இருக்கலாம். முன்னும் பின்னும் சில ஆண்டுகள் தள்ளித் தேடுவதே முறை.

எல்லிஸ் தீவைச் சுற்றி இரண்டு கட்டுக்கதைகள் உலவுகின்றன. முதலாவது, எல்லாரும் அவ்வழியே வந்தார்கள் என்பது. அந்நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1-இல். 1850-களின் பேரலையும் 1880-களின் பேரலையும் அதற்கு முன்பே கரையேறிவிட்டன. 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் வந்தவர்களை வரவேற்றது காசில் கார்டன் நிலையம். 1897-இல் எல்லிஸ் தீவில் நேர்ந்த தீ விபத்தில் எல்லாப் பட்டியல்களும் எரிந்துபோயின என்று நம்பித் தேடலையே நிறுத்திவிடுவோரும் உண்டு. அங்கே எரிந்தவை குடிவரவு நிருவாக ஆவணங்கள். சுங்கத்துறையினர் தனியே வைத்திருந்த நியூயார்க் பயணியர் பட்டியல்கள் தப்பிவிட்டன.

இரண்டாவது கட்டுக்கதை இன்னும் பிடிவாதமானது: தீவிலிருந்த அதிகாரி எங்கள் குடும்பப் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது. பட்டியலை எழுதியவர்கள் புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் எழுத்தர்கள். தீவின் ஆய்வாளர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சரிபார்த்தாரே அன்றிப் புதிதாக எழுதவில்லை. பெயர்கள் மாறியது உண்மை. மாறிய இடம் வேறு. பள்ளியிலும், தொழிற்சாலையிலும், வங்கியிலும், அக்கம்பக்கத்தாரின் வாயிலும், சில நேரம் சொந்த விருப்பத்திலும் அவை மெல்ல மாறின. எனவே கப்பல் பட்டியலில் அமெரிக்க வடிவத்தைத் தேடுவது வீண்வேலை. ஜெர்மன் வடிவத்தையே தேட வேண்டும். மாக்ஸ் முல்லர் என்று நாம் எழுதும் அதே ‘முல்லர்’ அங்கே மில்லர் ஆயிற்று. கறுப்பு எனப் பொருள்படும் ஷ்வார்ட்ஸ், பிளாக் ஆயிற்று. தச்சரைக் குறிக்கும் சிம்மர்மன், கார்ப்பெண்டர் ஆயிற்று.

இயற்பெயரும் ஏமாற்றும். ஜெர்மானியக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது இரண்டு மூன்று பெயர்கள் இடுவது வழக்கம். அவற்றுள் அழைக்கும் பெயர் பெரும்பாலும் முதற்பெயர் அன்று. ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று மூன்று சகோதரர்கள் இருந்திருக்கலாம். ஊரார் அவர்களை கியோர்க், பீட்டர், ஆடம் என்றே அறிவர். ஆகவே கியோர்க் என்ற பெயரில் கிடைக்காதவர் யோஹானாக நின்றுகொண்டிருக்கக்கூடும். மேலும், வட்டார வழக்குகள் பலவற்றில் ப, த, க ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றோடொன்று மயங்கும். ஒரே எழுத்தில் இரண்டு ஒலிகளையும் எழுதிப் பழகிய நமக்கு இந்த மயக்கம் புதிதன்று. ஆனால் ரோமன் எழுத்து அகரவரிசைச் சுட்டியில் அந்த முதலெழுத்து மாறிவிட்டால் பெயர் பல பக்கங்கள் தள்ளிப் போய்விடும். இதன் மேல், குரெண்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்து வேறு. அதில் ‘e’, ‘n’ ஆகிய இரு எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை. சுட்டி தயாரித்தவர் என்ன படித்தார் என்பதை நம்பாமல், மூலப் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்டோர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆள் பயணமே செய்யவில்லை என்று முடிவு செய்வதும் பரவலான தவறு. ஹாம்பர்க் பட்டியல்கள், முதல் உலகப் போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1850 முதல் 1934 வரை பிழைத்திருக்கின்றன. அமெரிக்கப் பட்டியல்கள் சொல்லாத முந்தைய வசிப்பிடத்தையும் சொல்லுகின்றன. அதனால்தான் எல்லாரும் அங்கே போய் முட்டுகிறார்கள். அவற்றுள் நேரடிப் பயணம், மறைமுகப் பயணம் என்று இரு வரிசைகள் உண்டு. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, லிவர்பூலில் மீண்டும் கப்பல் ஏறியவர்கள் இரண்டாம் வரிசையில் இருப்பார்கள். முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துபோவோர்க்கு அவர்கள் அகப்படுவதில்லை.

மற்றொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமன் நகரின் கதை வருத்தத்துக்குரியது. அங்கும் பட்டியல்கள் முறையாக எழுதப்பட்டன. ஆனால் இடநெருக்கடி காரணமாக, மூன்றாண்டுக்கு மேற்பட்டவற்றை 1875 முதல் நகரமே அழித்து வந்தது. எஞ்சியவற்றையும் இரண்டாம் உலகப் போர் விழுங்கியது. 1920 முதல் 1939 வரையிலான பட்டியல்களே இன்று உள்ளன. இல்லாத 1860-களின் பிரேமன் பட்டியலைத் தேடி மாதக்கணக்கில் அலைவதைவிட, எதிர்க்கரையில் இறங்கியபோது எழுதப்பட்ட பட்டியலைத் தேடுவது பயன் தரும்.

அந்த எதிர்க்கரை நியூயார்க்காகவே இருக்க வேண்டியதில்லை. சரக்கு போன வழியே ஆட்களும் போனார்கள். அமெரிக்கப் புகையிலையை ஏற்றிவந்த கப்பல்கள் பிரேமனிலிருந்து பால்டிமோருக்கு ஆட்களோடு திரும்பின. நியூ ஆர்லியன்ஸின் பருத்தியைப் பிரான்சின் லெ ஹாவ்ரில் இறக்கிய கப்பல்கள், தென்மேற்கு ஜெர்மனியின் குடியானவர்களை ஏற்றிக்கொண்டு மீண்டன. அவர்கள் மிசிசிப்பி ஆற்றின் வழியே செயின்ட் லூயிசு வரை ஏறிச் சென்றார்கள். மிசூரியில் வாழ்ந்த முன்னோரை நியூயார்க்கில் மட்டும் தேடுவது ஏன் தோற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஊர் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஹாம்பர்க் பட்டியல் சொல்வது கடைசியாக வசித்த இடத்தை. அது பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. நோய்ஸ்டட் என்ற பெயரில் ஜெர்மன் மொழிப் பகுதிகளெங்கும் ஊர்கள் உள்ளன. இன்றைய வரைபடத்தில் முதலில் அகப்படும் நோய்ஸ்டட்டைப் பிடித்துக்கொள்வது ஆபத்து. மேலும், 1871-க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே அரசு இல்லை. பின்னர் அமைந்த பேரரசின் கிழக்குப் பகுதிகள் பல இன்று போலந்தில் இருக்கின்றன. பிரெஸ்லாவ் இன்று விராத்ஸ்வாஃப், ஸ்டெட்டின் இன்று ஷ்செச்சின். வோல்கா, கருங்கடல் கரைகளில் குடியிருந்த ஜெர்மானியர் அமெரிக்கப் பட்டியலில் ‘ரஷ்யா’ என்ற நாட்டுப் பெயரோடு வருவார்கள். பிரஷ்யா என்று எழுதப்பட்டவர் போலந்து மொழி பேசியவராகவும் இருக்கலாம்.

ஒற்றை ஆளை மட்டும் தேடுவதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். ஒரே ஊரார் கூட்டமாகப் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் அடுத்தடுத்த நிலங்களில் குடியேறினார்கள். நம்மவரின் ஊர் தெரியாவிட்டாலும், அவருடைய திருமணச் சாட்சியின் ஊரோ, பிள்ளையின் ஞானத்தந்தையின் ஊரோ தெரிந்திருக்கலாம். பட்டியலில் அவருக்கு மேலும் கீழுமுள்ள வரிகளைப் படியெடுத்து வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். கணவர் முன்னதாகவும் மனைவி மக்கள் ஓரிரு ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கலாம் என்பதையும், 1727 முதல் பிலடெல்பியாவில் விசுவாசப் பிரமாணம் செய்தோர் பட்டியல்களில் பதினாறு வயதைக் கடந்த ஆண்களே கையொப்பமிட்டார்கள் என்பதையும் நினைவில் கொண்டால், தனியே வந்தவர் என்று தவறாக எழுதிவைக்கப்பட்ட பலருக்குக் குடும்பம் திரும்பக் கிடைக்கும்.

பாடன், வூர்ட்டம்பர்க் போன்ற அரசுகள் வெளியேற அனுமதி கோரியவர்களின் கோப்புகளைப் பேணி வைத்துள்ளன. அவற்றில் பெயர் இல்லாதது எதையும் நிறுவாது. படைச்சேவைக்கு அஞ்சிய இளைஞர் பலர் சொல்லாமல் கொள்ளாமல் எல்லை கடந்தனர். அத்தகையவரின் தடம் சில ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் எஞ்சியிருக்கிறது: பிறந்தநாளுக்குப் பக்கத்தில், வேறொரு மையில், ‘அமெரிக்காவுக்குச் சென்றார்’ என்று பங்குக்குரு பின்னாளில் எழுதிவைத்த குறிப்பு. அங்கே கிடைக்கும் பிறந்த நாளைக் கொண்டு வயதை ஒப்பிட்ட பிறகே, கப்பல் பட்டியலில் வரிசையாக நிற்கும் யோஹான்களில் நம்மவர் யார் என்று துணிந்து சொல்லலாம்.