தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த இல்லத்தைப் பார்க்கச் செல்வோருக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ராஜாஜி பிறந்த வீடு, இன்று அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. அது மாளிகையன்று, கிராம முன்சீப் ஒருவருடைய குடும்பம் வாழ்ந்த ஓட்டு வீடு. தில்லியில் 340 அறைகள் கொண்ட மாளிகையில் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பு வகித்த ஒரே இந்தியர் பிறந்த இடம் இது என்ற நினைவோடு உள்ளே நுழைந்தால், அதன் எளிமையே பார்க்க வேண்டிய முதற்பொருளாகிவிடும். சிறிய வீடுதானே என்று ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவது பெரிய இழப்பு.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருவோர் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓசூர் வரை வந்து, பேருந்து நிலையத்தில் தொரப்பள்ளி அக்ரகாரம் செல்லும் பேருந்தை விசாரிக்கலாம். திரும்பும் பேருந்தின் நேரத்தையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லம் திறந்திருக்கும் நேரத்தை மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் முன்னரே உறுதி செய்துகொள்வது நல்லது.

போவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. அவருடைய வாழ்க்கையின் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், 1937இல் சென்னை மாகாணப் பிரதமர் (இன்றைய முதலமைச்சருக்கு நிகரான பதவி), 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், 1952இல் முதலமைச்சர், 1954இல் பாரத ரத்னா. இல்லத்தில் உள்ள புகைப்படங்களை இந்த வரிசையோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அவை பேசத் தொடங்கும். நம் பகுதியினர் அதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1937 அக்டோபரில் அவர் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்திற்குள்தான் இருந்தன. ஆகவே அந்தச் சட்டம் முதலில் தொட்டது நம் பாட்டன் பாட்டிகளின் வாழ்க்கையை.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் புகழை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்று 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதையும், மறு ஆண்டு அவர் பதவி விலகியதையும் அந்த வீட்டிலேயே எடுத்துச் சொல்லலாம். ஒரு தலைவரை முழுமையாக அறிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

சுற்றிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆதலால் அடுத்த வீடுகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், வண்டியைத் தெருவை அடைத்து நிறுத்தாதீர்கள். பிறந்தநாளான டிசம்பர் 10 அன்று மரியாதை செலுத்த வருவோர் இருப்பார்கள். நிதானமாக நின்று பார்க்க விரும்புவோர் வேறொரு நாளில், காலை வேளையில் செல்லுங்கள்.