பின்தோட்டத் தேநீர் விருந்தை வாட்டர்கலரில் வரைவது எப்படி?

லண்டனில் எங்கள் தெருக்காரர்கள் கோடையில் பின்தோட்டத்தில் முறைப்படி தேநீர் விருந்து வைப்பார்கள். பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி, கேக். இதைவிட நல்ல ஓவியப் பொருள் எனக்குத் தெரியாது.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான பருத்தித் தாள் எடுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். பென்சிலில் முதலில் மேசை, அப்புறம் ஆட்கள். முகத்துக்கு மெனக்கெட வேண்டாம். தொப்பியின் சாய்வும் கெட்டிலை ஏந்திக் குனியும் தோளுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தூரத்துக் கோப்பையின் வாய் ஒடுங்கிய நீள்வட்டம். அருகே வர வர விரியும். இரு முனைகளிலும் வளைவு இருக்கட்டும், கூராக்கிவிடாதீர்கள்.

உயிர்நாடி வெள்ளை மேசைவிரிப்புதான். வெயில் படும் இடத்தில் தாளை அப்படியே விடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். நீர்த்த கோபால்ட் ப்ளூ நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு போதும். தொங்கும் ஓரத்தில் புல்லின் பச்சை லேசாக ஏறியிருக்கும், நிழல் நிறம் காயும்முன் அந்தப் பச்சையில் ஒரு தீற்றல் சேருங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1873 வாக்கில் வரைந்த தோட்டத்து மேசை ஓவியம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மர நிழலில் வெள்ளைத் துணி எப்படி மாறுகிறது என்பதை அதில் நிதானமாகப் பாருங்கள்.

சரி, கோப்பைப் பூக்கள்? எல்லாம் நன்றாகக் காய்ந்தபின், முன்னால் இருக்கும் ஒரே கோப்பையில் மட்டும் போடுங்கள். மற்றவற்றுக்கு ரோஜா நிறத்தில் ஓரிரு புள்ளிகள் போதும்.