டிராக்டர் டில்ட் ஸ்டீயரிங் நழுவுகிறதா, இறுகிக்கொண்டதா? சரிசெய்யும் முறை

ஸ்டீயரிங்கை ஓட்டுபவருக்கு ஏற்ற சாய்வில் வைக்கும் வசதிதான் டில்ட்; அந்தச் சாய்வில் பிடித்து நிறுத்துவது அதன் லாக். ஓட்டிக்கொண்டிருக்கும்போது இந்த லாக் விட்டு ஸ்டீயரிங் மடியில் சரிந்தால், கை தானாக வீலைப் பிடித்து இழுக்கும். அந்த ஒரு நொடி போதும், வண்டி வரப்பைத் தாண்ட. அதனால் லாக் சரியாக நிற்காத டிராக்டரை டிரெய்லர் மாட்டி ரோட்டில் ஓட்டவே கூடாது. பெரும்பாலும் கோளாறு சின்னதுதான்: காய்ந்த சேறு, தேய்ந்த புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் குழாய் போன்ற உறை), தளர்ந்த ஒரு நட்.

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை லாக் என்று பாருங்கள். பல் வெட்டிய தகடும் அதில் விழும் கொக்கியும் இருப்பது ஒரு வகை. இதை கை லிவராலோ காலால் மிதிக்கும் பெடலாலோ விடுவிப்பார்கள். தகடுகளை போல்ட்டால் நெருக்கிப் பிடிப்பது இன்னொரு வகை. சில வண்டிகளில் வீலைத் தூக்கிவிட ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட்டோ (வாயு அடைத்த தாங்கு குழாய்) கூடவே இருக்கும்.

கழற்றும் முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். என்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். ஒருவர் வீலைத் திருப்பாமல் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் அசைக்கட்டும்; இன்னொருவர் பிவட் போல்ட்டின் (ஸ்டீயரிங் சாயும் அச்சாக இருக்கும் போல்ட்) மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே துடித்தால் புஷ் போய்விட்டது. பிவட் அசையாமல் லாக் தகட்டில் டக் டக் என்றால் பல் தேய்மானம். இரண்டும் இல்லாமல் வீல் மட்டும் ஆடினால் மேல் பேரிங் அல்லது வீல் நட். வீலை நன்றாகத் திருப்பியும் முன் சக்கரம் நகரவில்லை என்றால் அது டில்ட் கோளாறே அல்ல. முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராடு எண்டையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் பாருங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹாரன், லைட் ஸ்விட்ச் வயர்கள் இதே இடத்தில்தான் ஓடுகின்றன. கவரைத் திறந்ததும் வயர் போகும் வழியை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே நேரில் வர, வீலிலும் ஷாஃப்ட்டிலும் நேருக்கு நேராக லேசான ஒரு பஞ்ச் குறி போட்டு, நட்டை முழுதும் எடுக்காமல் இரண்டு மூன்று புரி பிடித்திருக்கும்படி விட்டு, புல்லர் (வீலைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுங்கள். நட் இருந்தால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காது. ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம்: புரி கெடும், பேரிங் கெடும், பவர் ஸ்டீயரிங் வண்டியில் கீழே இருக்கும் ஸ்டீயரிங் யூனிட்டுக்கும் அடி போய்ச் சேரும். ஆயில் ஹோஸ்களைத் தொடத் தேவையில்லை.

பல் வகை லாக்கில், பல்லின் அடியில் இறுகிய சேறுதான் முதல் எதிரி. தொளி உழவு முடிந்த வண்டியில் பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி நிற்கும். கொக்கி பாதி ஆழமே இறங்கும், குலுங்கினால் நழுவிவிடும். டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லிடுக்கையும் சுரண்டி, காற்றடித்து உலர்த்துங்கள். வயரிலும் ரப்பர் பூட்டிலும் டீசல் படக்கூடாது. பல்லின் முனை உருண்டிருந்தால் அரம் போட்டு ராவிச் சரிசெய்ய முயலாதீர்கள். தகடு, கொக்கி இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புதுக் கொக்கி பழைய பல்லில் சரியாக உட்காராது. கொக்கியை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்தும் சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அது இழுபட்டுவிட்டது, மாற்ற வேண்டியதுதான். பெடல் கேபிளில் 1–2 மி.மீ. தளர்வு இருக்கட்டும், இறுக்கமாக இருந்தால் கேபிளே கொக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தகடு வகை லாக்குக்கு எண்ணெய், கிரீஸ் எதுவுமே ஆகாது. பலர் ‘டைட்டா இருக்கு’ என்று ஆயில் விட்டுத்தான் லாக்கைக் கெடுக்கிறார்கள். தகடுகளைத் துடைத்து, லிவரைத் தளர்த்திய நிலையில் நட்டைக் கையால் முட்டும் வரை திருகுங்கள். பிறகு நட்டின் ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று, ஏற்றி லிவரைப் பூட்டிப் பாருங்கள். லிவர் கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கனத்தால் சரி. நைலான் நட் என்றால் புதிது போடுங்கள்.

பிவட்டில் பழைய புஷ்ஷை எடுத்து, புதியதை நீள போல்ட், வாஷர், ஒரு துண்டு பைப் வைத்து இழுத்து உட்காரவையுங்கள். துளையே முட்டை வடிவமாகிவிட்டால் லேத்தில் போர் செய்து, அதற்கேற்ற கன்மெட்டல் புஷ் கடைந்து போடலாம். பிராக்கெட்டில் விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், பிராக்கெட்டையே மாற்றுங்கள். பக்க ஆட்டத்துக்கு ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வாஷர்) போடும்போது இரு பக்கமும் சமமாகப் போடுங்கள். காரணம் இதுதான்: யுஜே என்பது ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற உதவும் மூட்டு (யுனிவர்சல் ஜாயிண்ட்); அதன் நடுவில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டுதான் கிராஸ். யுஜே கிராஸின் மையமும் பிவட்டின் மையமும் ஒரே கோட்டில் இருந்தால்தான் எந்தச் சாய்விலும் வீல் இலகுவாகச் சுற்றும். புஷ் தேய்ந்தாலோ ஷிம் ஒரு பக்கமே குவிந்தாலோ அந்தக் கோடு விலகி, ஒரு சாய்வில் மட்டும் ஸ்டீயரிங் கனக்கும். யுஜேவைக் கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள். நறநறத்தால் கிராஸ் மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யுஜே இருந்தால், ஷாஃப்ட் மேலுள்ள இரண்டு யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் இருக்க வேண்டும். மாறினால் ஒரு சுற்றில் இருமுறை கனத்து இலகுவாகும். யுஜேவை ஷாஃப்ட்டில் நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் ஷாஃப்ட்டின் பள்ளத்தில் சரியாக விழுந்ததா என்று பார்த்து, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்குங்கள்.

கேஸ் ஸ்ட்ரட் ராடில் எண்ணெய் கசிந்திருந்தால் அதே நீளம், அதே நியூட்டன் அளவில் புதிது. அதை அறுக்கவோ சூடாக்கவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது. ராடு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், சீல் உலராது.

பூட்டியதும் பிவட்டுக்கும் கொக்கியின் பின்னுக்கும் (கொக்கி அசையும் ஊசிக்கும்) மட்டும் லித்தியம் கிரீஸ். பேட்டரியை மறுபடி இணையுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொரு சாய்விலும் வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். வயர் எங்கும் நசுங்கக் கூடாது, ஹாரன் தானாக அடிக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையிலும் லாக் போட்டு வீலை உடம்பின் பலத்தோடு இழுத்துத் தள்ளிப் பாருங்கள். 10 மணி நேரம் ஓடிய பிறகு பிவட், பிஞ்ச் போல்ட், வீல் நட் மூன்றையும் மறுபடி ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். புது புஷ் உட்கார்ந்ததும் பிவட் சற்றுத் தளரும்.