விடுதிச் சாப்பாட்டுக் கழிவை வளாகத்திலேயே உரமாக்க

வளாகத்தில் சருகை எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். சமையல் கழிவு மக்கத் தேவையான கரிச்சத்து அதில்தான் இருக்கிறது. கன அளவில் 3 பங்கு சருகு, 1 பங்கு காய்கறி, சோற்றுக் கழிவு. குவியல் எந்தப் பக்கமும் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிதானால் சூடு தங்காது.

ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நடுவில் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். 40-க்கு இறங்கியதும் புரட்டிவிடுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் போகவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் சருகு போதவில்லை.

உரத்தைப் பாழாக்குவது பிளாஸ்டிக் துணுக்குதான். தட்டு கழுவும் இடத்திலேயே அதற்குத் தனித் தொட்டி வையுங்கள். குவியலில் கலந்த பிறகு பொறுக்குவது நடக்காத காரியம்.